நான் ஏன் இளைஞர்களைப் பற்றி எழுதுகிறேன்?

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இலக்கிய அரங்கில் நிகழ்த்திய உரை)

 

விழாவிற்கு என்னை அழைத்த செயலாளர் அவர்கள், "உங்கள் நாவல்கள் எல்லாவற்றிலும் பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளே முன்னே வந்து நிற்கிறார்கள். அது ஏன் என்று எங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். இதே கேள்வியைப் பலர் பல மேடைகளில் கேட்டிருக்கிறார்கள். நானும் நாகரிகமான ஏதோ ஒரு விடையைச் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். ஆனால் இது நம்முடைய வீடு. எனவே இங்கு உண்மையான விடையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்து வந்துள்ளேன்.

முதலில் பொதுவான ஒரு செய்தி. இளமை என்பது எல்லார்க்கும் இயல்பாக வந்து சேரும் பருவம் என்றே இலக்கியம் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளது. நம்முடைய பாட்டன் பாட்டிகளின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். எட்டு வயதில் ஆண்டையின் வீட்டு மாடு மேய்க்கப் போனார்கள். பதினான்கு வயதில் அரையாள் கூலி முழுஆள் கூலியாயிற்று. பதினெட்டு வயதிற்குள் மணம் முடிந்து, கையில் ஒரு குழந்தையும் தலையில் ஒரு கடனும் ஏறிவிட்டன. சிறு பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் நடுவே நின்று, 'நான் யார், என்னவாகப் போகிறேன்' என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு ஓராண்டுகூடக் கிடைத்ததில்லை. ஆண்டுக் கூலிக்குப் பண்ணையத்தில் விடப்பட்ட ஆட்டுக்காரச் சிறுவர்களின் உலகைப் பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கூளமாதாரி' நாவலில் எழுதியுள்ளார். அதைப் படிப்பவர்கள், இளமைக்கு வாசல் திறக்கப்படாத வாழ்வு எத்தகையது என்பதை உணர்வார்கள்.

அவ் வாசலைத் திறந்தது கல்வி. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியிறுதிக்கு மேல் பயிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு 1944இல் இந்திய அரசு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அவரே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியும் அக் கழகத்தின் வழியே எழுந்தன. இவற்றால் பட்டமும் வேலையும் கிடைத்தன என்றுதான் நாம் பேசுகிறோம். நான் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்வேன். இவற்றால் நமக்கு இளமை கிடைத்தது. விடுதியில் ஒரு தகரப் பெட்டி, ஓர் அலுமினியத் தட்டு, ஒரு ஜன்னல், அந்த ஜன்னலருகே உட்கார்ந்து எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கச் சில ஆண்டுகள். நம் குலத்தில் முந்தைய எந்தத் தலைமுறைக்கும் கிட்டாத சொத்து இது.

மராட்டியத்தில் தலித் இலக்கியம் பெருக்கெடுத்தது இத்தகைய கல்லூரிகளிலும் விடுதிகளிலும் பயின்றுவந்த தலைமுறை பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நாம்தேவ் தசாலுக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். தமிழில் அந்த அலை அண்ணலின் நூற்றாண்டான 1991ஐ ஒட்டி எழுந்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அந்நூலின் பக்கங்களில் விடுதியும் பள்ளியும் கல்லூரியும் எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளன என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவே, ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த கல்லூரியில் நான் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். தங்கியது அரிசன நல விடுதி என்று அந்நாளில் பெயர் தாங்கிய கட்டடத்தில். என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்தவன் பக்கத்து வட்டத்துப் பையன். அவன் தந்தை செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். கணக்கில் அவன் புலி. இரவில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். நான் அவனுக்கு ஆங்கிலப் பாடத்தைப் படித்துக் காட்டுவேன். பண்டிகைக்கு வீட்டிலிருந்து வரும் அதிரசத்தைப் பாதியாகப் பிட்டுத் தின்றோம்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அலுவலக எழுத்தர் ஒருவர் ஒரு தாளோடு உள்ளே வந்தார். "உதவித்தொகைப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். எண்பது பேர் அமர்ந்திருந்த வகுப்பு. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். என் தோழனும் எழுந்தான். எழுந்து, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் எழவில்லை.

என் சட்டை புதியது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னை வேறு யாரோ என்று எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. மாலையில் எல்லாரும் போன பிறகு, தனியாக அலுவலகத்திற்குப் போய் என் பெயரைச் சொல்லிக் கையெழுத்திட்டு வந்தேன். அன்று இரவு விடுதியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. உதவித்தொகை வராமல் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் போன மாதத்தில் அவன் தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். திரும்பி வரவில்லை.

நான் எழுத வந்தது சமுதாயத்தின் மீது கொண்ட கோபத்தினால் என்று பல நேர்காணல்களில் கூறியுள்ளேன். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, என் மீது எனக்கிருந்த வெட்கம். என் முதல் நாவல் அந்த வகுப்பறையிலிருந்துதான் பிறந்தது. அதில் ஒரு மாணவன் எழுந்து நிற்கிறான்; அவமானப்படுகிறான்; ஊருக்குத் திரும்புகிறான்; இறுதி அத்தியாயத்தில் இருப்புப் பாதையில் தலை வைத்து இறந்து போகிறான். நாவலுக்குப் பாராட்டுகள் கிடைத்தன. அந்தக் கடைசி அத்தியாயம் கண்ணீரை வரவழைக்கிறது என்று எழுதினார்கள்.

அந்நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்தினார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் என் நாவல், செய்தித்தாளில் அட்டை போட்டு. பின்னால் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் மற்றொரு சைக்கிளில். என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்தவன்தான்.

காபி குடித்து முடிக்கும்வரை அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டான்: "எதுக்குடா என்ன சாவடிச்ச? நான் உசுரோடதான இருக்கேன்?"

நான் வாயடைத்துப் போனேன். அவனே தொடர்ந்தான். "சாவறது ஒரு நாள் வேலை. ரயிலு வர்ற நேரம் தெரிஞ்சா போதும். நான் சூளையில கல் அறுத்தேன், லாரியில கிளீனரா போனேன், ஒரு சைக்கிள் கடை வச்சேன், ரெண்டு பொண்ணப் படிக்க வைக்கிறேன். அது அத்தனையும் உனக்குக் கதையா தெரியலியா?"

சற்றுப் பொறுத்து, குரலை உயர்த்தாமல், இன்னொன்றும் கேட்டான். "எழுந்து நின்னவன எழுதிட்ட. உக்காந்திருந்தவன எங்க?"

அந்த மகள் அதுவரை புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவளும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றாள்: "சித்தப்பா, உங்க கதையில பொண்ணுங்க எல்லாம் வாசல்ல நின்னு வழியனுப்புறாங்க, அப்புறம் பொணத்து மேல விழுந்து அழறாங்க. நாங்களும் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போறோமே?"

அவையோர்களே, எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதைவிடச் சிறந்த விமர்சனம் வேறில்லை. பல நாட்கள் எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. நான் அவனை இறக்கச் செய்தது கலைக்காக அன்று. இறந்தவன் என்னிடம் வந்து கேள்வி கேட்க மாட்டான். அவனைத் தியாகியாக்கி மாலையிட்டுவிட்டால், உட்கார்ந்திருந்த நான் நாவலுக்குள் வராமலே தப்பிவிடலாம். என் கடைசி அத்தியாயம் பிறரிடமிருந்து வரவழைத்த கண்ணீரில் என் குற்றத்தைக் கழுவிக்கொண்டேன்.

இவ்வாறு கூறுவதால், நம் பிள்ளைகளின் சாவை எழுதக் கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்ததை நாடு அறியும். மறைத்து எழுதுதல் நன்றி கெட்ட செயல். நான் சொல்வது இதுதான்: சாவு நேர்ந்த இடத்தில் அதை நேராக எழுதுக, கதையை முடிக்க வழி தெரியாத இடத்தில் அதைக் கடன் வாங்காதிருப்போமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் நான் மூன்று எழுத்தாளர்களை மறுபடி படித்தேன். அவர்களிடம் கற்றதை இம் மாணவர்களுக்குச் சொல்வது என் கடமை.

முதலாவது, பூமணி. 1982இல் வெளிவந்த அவருடைய 'வெக்கை'யின் நாயகன் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம். தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டுத் தந்தையோடு காடு மலைகளில் ஒளிந்து திரிகிறான். 2019இல் வந்த 'அசுரன்' திரைப்படம் இதைத் தழுவியது. திரையில் வெட்டும் குத்தும் பெரிதாகத் தெரிந்தன. நாவலிலோ, அந்தத் தந்தையும் மகனும் என்ன சமைத்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், இரவில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பனவே பக்கங்களை நிறைக்கின்றன. கொலை ஒரு கணம். அதற்குப் பின் அச் சிறுவன் வாழும் நாட்களே நாவல். என் தோழன் சொன்னதைப் பூமணி எனக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்.

இரண்டாமவர், 2024இல் நம்மை விட்டுப் பிரிந்த ராஜ் கௌதமன். 2002இல் வந்த அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' ஒரு தலித் கிறித்தவப் பையன் பள்ளியிலும் கல்லூரியிலும் வேலை தேடும் நாட்களிலும் வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் பெரிய நாவல். அதில் என்னை வியக்க வைத்தது நகைச்சுவை. சிலுவை தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறான். துன்பப்பட்டவன் எப்போதும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஒரு சவுக்கடி. எங்கள் விடுதியில் நாங்கள் அழுததைவிடச் சிரித்ததே மிகுதி. என் முதல் நாவலில் ஒருவனும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

மூன்றாமவர், சிவகாமி. 1989இல் வெளிவந்த 'பழையன கழிதலும்' நாவலில், சாதித் தலைவராக விளங்கும் தந்தை காத்தமுத்துவின் போக்கைக் கூர்ந்து பார்த்தபடியே கல்லூரிக்குச் செல்லும் இளம்பெண் கௌரியை அவர் படைத்தார். சில ஆண்டுகள் கழித்து, அவர் செய்த செயல் அரிது. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்னும் நூலை எழுதி, தம் முதல் நாவலைத் தாமே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். எதை எழுதினேன், எதை விட்டேன், ஏன் அப்படிக் காட்டினேன் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். முதல் நூலை அழித்துத் திருத்தவில்லை. அதன் அருகிலேயே இரண்டாவதை வைத்தார்.

அந்த முன்மாதிரியைத்தான் நானும் பின்பற்றினேன். என் முதல் நாவல் மறுபதிப்பிற்கு வந்தபோது, கடைசி அத்தியாயத்தை மாற்றிவிடலாம் என்று நண்பர்கள் கூறினர். நான் உடன்படவில்லை. செய்த தவறு அச்சில் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த நாவலை எழுத உட்கார்ந்தேன். அதன் நாயகன், எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தவன். அதை எழுதி முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

என் எழுத்து முறை என்ன என்று கேட்கும் இளம் எழுத்தாளர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

இளைஞனை எழுதும்போது என் வயதை அவன்மீது ஏற்றாதிருக்க முயல்கிறேன். பதினெட்டு வயதுக்காரன் சமூகவியல் பேசுவதில்லை. அவனுக்குப் பசி, செருப்பு, பேருந்துக் கட்டணம், பக்கத்து வகுப்புப் பெண், நாளைய தேர்வு ஆகியவையே உலகம். சாதி அவன் வாழ்வில் கருத்தாக வருவதில்லை. தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மூன்றாவது நாளாக வருகிறது. நண்பன் வீட்டில் தண்ணீர் கேட்டபோது வாசலிலேயே வந்து சேரும் சொம்பாக வருகிறது. அந்தச் சொம்பை எழுதினால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

அடுத்தது, கணக்கு. நான் ஒவ்வொரு நாவலுக்கும் தனியே ஒரு வரவுசெலவு ஏடு வைத்துக்கொள்கிறேன். பாத்திரத்தின் கையில் ஜூன் மாதம் எவ்வளவு பணம், உதவித்தொகை எப்போது வந்தது, அதுவரை யாரிடம் கடன் என்பவற்றை எழுதிவைப்பேன். நம் பிள்ளைகளின் காதலும் கல்வியும் நட்பும் இந்த ஏட்டை ஒட்டியே நடக்கின்றன. பணம் பற்றிய கவலையே இல்லாத இளமையை எழுதினால் அது நம்முடைய இளமையன்று.

மொழியிலும் கவனம் வேண்டும். விடுதி மாணவனுக்கு இரண்டு நாக்குகள். ஊரில் ஒரு பேச்சு, வகுப்பில் ஒரு பேச்சு. முதல் விடுமுறையில் ஊருக்கு வந்து தாயிடம் வகுப்புப் பேச்சைப் பேசிவிட்டு, அவள் முகம் மாறுவதைக் கண்டு அவன் நாக்கைக் கடித்துக்கொள்ளும் கணத்தில் ஒரு நாவலே அடங்கியிருக்கிறது.

பெண்களைப் பற்றி அந்த மகள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுமையாக விடை எழுதவில்லை. அவர்களை நாங்கள் எழுதுவதைவிட அவர்களே எழுதுவது நன்று என்பது என் முடிவு. ஆயினும் அதைச் சொல்லிப் பொறுப்பைக் கழித்துவிட முடியாது. இன்று என் நாவல்களில் பெண்கள் பேருந்து ஏறுகிறார்கள். அவ்வளவே சொல்ல முடியும்.

இறுதியாக ஒன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவரும், தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்களுள் அவரோடு பள்ளியில் பயின்ற மாணவர்களே இருந்தனர். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். அச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என்னை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. வெட்டுப்பட்ட பிள்ளையை என்னால் எழுத முடியும். அவன் என் பிள்ளை. அரிவாள் பிடித்த பதினேழு வயதுக்காரனை எழுத முடியுமா? அவன் மணிக்கட்டில் கலர்க் கயிற்றைக் கட்டியது யார்? அவன் வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார்கள்? அவனை மன்னிப்பதற்காக அன்று, அவன் எவ்வாறு உருவாக்கப்பட்டான் என்பதை அறிவதற்காக எழுத வேண்டும். நான் இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடிப்பேனா என்று தெரியாது. வெட்டுப்பட்ட அந்த மாணவரோ, 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வெற்றி பெற்றுக் கல்லூரிக்குச் சென்றார். என் தோழனின் குரல் மறுபடியும் என் காதில் ஒலித்தது: "நான் உசுரோடதான இருக்கேன்?"

மாணவச் செல்வங்களே! உங்கள் தாத்தாவிற்குக் கிடைக்காத சில ஆண்டுகள் உங்கள் கையில் உள்ளன. இக் கழகத்தார் இருபத்தைந்து ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று அரிசியும் காசும் திரட்டியது உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தருவதற்காக மட்டுமன்று. அந்த ஆண்டுகளை வாங்கித் தருவதற்காக. அவற்றில் நடப்பதைக் குறித்து வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன தின்றீர்கள், யார் உங்களைச் சிரிக்க வைத்தார்கள், யார் எழுந்து நின்றார்கள், நீங்கள் எப்போது உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். கழகத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: நூலகத்தில் இந்த நோட்டுகளுக்கென ஒரு பீரோவை ஒதுக்குங்கள். பொன்விழாவின்போது அதைத் திறந்து பார்ப்பவர்களுக்கு என்னைப் போன்ற நாவலாசிரியன் தேவைப்பட மாட்டான்.

என் தோழன் இன்று இந்த அவையில், நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கிறான். பெயர் சொல்லக் கூடாது என்பது அவன் கட்டளை.